கழற வேண்டியது ஒன்று, உடைந்தது இன்னொன்று

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், 96,000 கிலோமீட்டர் ஓடியது. நிற்பது சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில், பக்கச் சுவர் இல்லாத போர்ட்டிகோவில். நான் செய்ய நினைத்தது ஒரே ஒரு கப்ளரைக் கழற்றி உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றுதான் பானெட்டைத் திறந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கழற வேண்டியது அடம்பிடிக்க, பக்கத்தில் சிவனே என்று கிடந்த இன்னொரு கப்ளர் உடைந்தது.

கப்ளர் என்று நான் சொல்வது இரண்டு ஒயரிங் முனைகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பை. மேனுவலில் கனெக்டர் என்று போட்டிருக்கும். பட்டறையில் கனெக்டர் என்றால் ஒரு கணம் யோசித்துவிட்டு "கப்ளரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வீட்டிலேயே வண்டியில் கை வைக்கிறவர்கள் துருப்பிடித்த நட்டுக்குப் பயப்படுவதில்லை. அதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். கப்ளர் சிக்கினால் மட்டும் இழுப்பதைத் தவிர வேறு யோசனை வருவதில்லை. எனக்கும் வரவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை அதனால்தான் விடாமல் எழுதி வைக்கிறேன்.

கோடு சொன்னது

மீட்டரில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பெட்ரோல் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது. வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஈ.எல்.எம்.327 டாங்கிளைச் செருகி மொபைலில் பார்த்தபோது வந்த கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, பி0135. முன் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம்.

சைலன்ஸருக்குப் போகும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று என்ஜினை நடத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்குத் துப்புக் கொடுப்பது இந்தச் சென்சாரின் வேலை. உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் வாய் திறக்கும். புகையின் சூட்டுக்காகக் காத்திருக்காமல் இருக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அது படுத்துவிட்டால், சென்சார் சூடாகும் வரை ஈ.சி.யு. குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும்.

இந்தக் கோடு வந்ததும் சென்சாரையே மாற்றிவிடுவது வழக்கம். விசாரித்த கடையில் மூவாயிரத்து எண்ணூறு சொன்னார்கள். ஆனால் கோடு குற்றம் சாட்டுவது சர்க்யூட்டை. ஃபியூஸ், ஒயர், கப்ளர், ஹீட்டர், ஈ.சி.யு. எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து ஹீட்டரின் ஓம், அதாவது மின்தடை, அளக்க வேண்டும். அதற்குக் கப்ளர் கழற வேண்டும்.

முதல் ஞாயிறு

காலை ஆறரை மணி. ராத்திரி முழுக்க நின்ற வண்டி, என்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் மேனிஃபோல்டு ஆறியிருந்தது. பேட்டரி மைனஸைக் கழற்றி ஓரமாகக் கட்டினேன். இந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ரேடியேட்டர் பக்கம் இருப்பதால் சென்சார் மேலிருந்தே தெரியும். அதன் நான்கு ஒயர்களும் ஒரு சாண் மேலேறி, சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் திருகிய தகரப் பட்டையில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறக் கப்ளரில் முடிகின்றன.

கப்ளரின் மேற்பக்கம் ஒரு மேடு தட்டுப்பட்டது. அதுதான் லாக் என்று முடிவுகட்டி, ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தேன். வரவில்லை. என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரிலிருந்து கசிந்த ஆயிலும் அதன்மேல் படிந்த தூசியும் சேர்ந்து களிம்பு மாதிரி இருந்ததால் விரல் வழுக்கியது. துணியால் துடைத்துவிட்டு இழுத்தேன். நோஸ் பிளையரால் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக்கில் பிளையரின் பல் பதிந்ததுதான் மிச்சம்.

கை சரியாக நுழையாததுதான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். குறுக்கே, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில்களின் ஒயரிங் ஓடியது. முதல் சிலிண்டரின் காயில் கப்ளரைக் கழற்றினால் அதை ஒதுக்கிவிடலாம். வழி விடுவதற்காகத்தான் அதைத் தொட்டேன்.

இழுத்துக்கொண்டே லாக்கை அமுக்கினேன். 'டிக்' என்றது. விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு விரலை எடுத்தால், லாக்கின் நாக்கு மட்டும் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. எட்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வாங்கும்போது கறுப்பாக இருந்திருக்க வேண்டியது செம்பழுப்பாகியிருந்தது; உடைந்த முகம் பிஸ்கட்டை ஒடித்தது போலப் பொருபொருவென்று இருந்தது. நல்ல பிளாஸ்டிக் ஒடியும் முன் வளையும், வளைந்த இடம் வெளுக்கும். இதில் வெளுத்த தடமே இல்லை. வளையவே இல்லை என்று பொருள்.

அடுத்து கை தானாகச் சிலிகான் ஸ்ப்ரே டப்பாவுக்குப் போனது. மூடியைத் திறந்து, சிவப்புக் குழாயையும் மாட்டிவிட்டேன். அங்கேதான் முதன்முறையாகக் கொஞ்சம் நிதானம் வந்தது. ஆக்ஸிஜன் சென்சாருக்குச் சிலிகான் விஷம். அதன் ஆவி பீங்கான் முனையில் படிந்தால் சென்சார் மந்தமாகிவிடும். இன்னொரு விஷயம், இந்த வகைச் சென்சார்களில் பல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைத் தன் ஒயர்களின் செம்பு இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. அதாவது சென்சார் மூச்சு விடுவதே கப்ளர் வழியாக. கிரீஸ், கான்டாக்ட் கிளீனர், எண்ணெய் எதுவாக இருந்தாலும் அந்த மூச்சை அடைக்கும். மற்ற கப்ளர்களுக்கு நல்லது என்று நாம் செய்கிற எல்லாம் இந்த ஒன்றுக்குக் கெடுதல். மூடியைப் போட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

சாயங்காலம் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பக்கம் போனார். பானெட் திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்.

"எவ்ளோ நேரமா இழுக்குறீங்க தம்பி?"

"காலையில ஒரு முக்கா மணி நேரம், இப்ப ஒரு அரை மணி நேரம் ஆச்சுண்ணே."

"இழுத்தா எப்படி வரும்? உள்ள தள்ளுங்க."

நான் விளங்காமல் பார்த்தேன். கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டார். "ஏற்கெனவே நீங்க பிளையர் போட்டு வெச்சிருக்கீங்க. இப்ப நான் கை வெச்சு ஒடஞ்சா நான் ஒடச்ச கணக்கு. புதுப்பேட்டையில வெட்டுன ஒயரிங் கிடைக்கும். இதே கப்ளர் ஒண்ணு ரெண்டு வாங்கி வீட்ல உக்காந்து கழட்டிக் கழட்டி மாட்டுங்க. கை பழகிடும். அப்புறம் இதைத் தொடுங்க."

அறுத்துப் பார்த்தது

புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் ஒயரிங் கயிற்று மூட்டை மாதிரி குவிந்து கிடக்கும். மொபைலில் எடுத்த படத்தைக் காட்டி, அதே சாம்பல் நிறக் கப்ளரில் இரண்டு ஜோடி, ஒயரோடு, எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஜோடியைச் சேர்த்தபடியே ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். சாப்பாட்டு மேசையில் பழைய தினசரியை விரித்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு செய்த வேலை.

அறுத்த முகத்தில் எல்லாமே தெரிந்தது. ஒரு கூட்டின் மேல் ஒரு பல். பல்லின் முன்பக்கம் சரிவு, பின்பக்கம் செங்குத்து. இன்னொரு கூட்டில் நாக்கு. நாக்கின் நுனியில் ஒரு ஜன்னல். மாட்டும்போது நாக்கு சரிவில் ஏறி, பல் ஜன்னலுக்குள் விழுகிறது. அதுதான் நாம் கேட்கும் கிளிக். அதற்குக் கீழே, இரண்டு கூட்டுக்கும் நடுவில் ஆரஞ்சு நிறச் சீல் ரப்பர், மூன்று வரப்போடு. ஒவ்வொரு ஒயருக்கும் பின்னால் குட்டியாக ஒரு தனி ரப்பர். பின்கள் வெளியே நழுவாமல் பிடிக்க உள்ளே இன்னொரு பூட்டு.

இப்போது இழுப்பதற்கு வருவோம். இழுக்கும்போது பல்லின் செங்குத்து முகம் ஜன்னலின் விளிம்பில் போய் அழுந்துகிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக அழுந்துகிறது. அந்த நிலையில் நாக்கைத் தூக்க முயன்றால், நம் கட்டைவிரல் நம் மற்றொரு கையோடுதான் மல்லுக்கட்டுகிறது. நாக்கு நகராது, நகர்ந்தால் வேரோடு ஒடியும். என் காயில் கப்ளர் ஒடிந்தது சரியாக அந்த வேரில்தான்.

உள்ளே தள்ளினால் பல் ஜன்னல் விளிம்பை விட்டு விலகுகிறது. அறுத்த துண்டில் அளந்தேன், அரை மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதல். அந்த இடைவெளியில் நாக்கு எந்தப் பாரமும் இல்லாமல் நிற்கிறது, சுண்டுவிரலால் தூக்கலாம். மாட்டிய கப்ளர் எதுவும் உள்ளே தள்ள இடமில்லாமல் இருப்பதில்லை என்பதை அதற்குப் பிறகு கண்ணில் பட்ட எல்லாக் கப்ளரிலும் தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கிட்டத்தட்ட ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது.

அறுக்காத ஜோடியை லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசில் மாட்டிச் சோதித்தேன். தள்ளி, நாக்கைத் தூக்கிப் பிடித்து, பிறகு இழுத்தால் மூன்றரை கிலோ அளவில் கழன்று வந்தது. முதலில் நான்கு கிலோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நாக்கைத் தூக்கப் பார்த்தேன். நகம் வலித்ததே தவிர நாக்கு அசையவில்லை. அதே கப்ளர், அதே கை. வரிசை மாறியதுதான் வித்தியாசம்.

பூட்டு எங்கே, எந்த வகை

எல்லாக் கப்ளருக்கும் ஒரே பூட்டு இல்லை. பெரும்பாலானவற்றில் நாக்கின் பின்முனையை அமுக்கினால் நுனி தூக்கும். சிலவற்றில் நாக்கையே வெளிப்பக்கமாகத் தூக்க வேண்டும். அதை அமுக்க அமுக்க இன்னும் இறுகும். புது வண்டிகளில் லாக்குக்கு மேல் சிவப்பிலோ மஞ்சளிலோ குட்டி ஸ்லைடு ஒன்று இருக்கும். அது லாக்குக்கே லாக். அதை முதலில் பின்னால் நகர்த்தாவிட்டால் ஆனை வந்து அமுக்கினாலும் நாக்கு அசையாது. அந்த ஸ்லைடு முழுவதும் கழன்று வருவதற்காக உள்ளதில்லை, ஒரு கிளிக் பின்னுக்கு வந்தால் போதும். பழைய இன்ஜெக்டர்களில் கம்பி கிளிப் இருக்கும், அதை நுனிக் கொக்கியால் எடுக்கும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும்; தெறித்தால் கிடைக்காது. ஈ.சி.யு. கப்ளர்களில் நெம்புகோல், அதைத் திருப்பினால் கப்ளர் தானாக மேலெழும், இழுக்கவே கூடாது.

மஞ்சள் நிறக் கூடு, மஞ்சள் டேப் சுற்றிய ஒயர் என்றால் ஏர்பேக். பேட்டரி மைனஸைக் கழற்றி மேனுவல் சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்களில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைக்கவே கூடாது. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் உயர் மின்னழுத்த லைன். அது சிக்கினால் சிக்கியபடியே விட்டுவிடுங்கள், அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

என் கப்ளர் சாதாரண அமுக்கு லாக்தான். பிரச்சினை, நான் அமுக்கிக்கொண்டிருந்தது லாக்கே இல்லை. புதுப்பேட்டைத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேற்பக்கம் இருந்த மேடு, தகரப் பட்டையில் சொருகும் பள்ளத்தின் விளிம்பு. லாக் அடிப்பக்கம், என்ஜினைப் பார்த்தபடி. ஒன்றேகால் மணி நேரம் ஒரு சுவரை அமுக்கியிருக்கிறேன்.

இரண்டாவது ஞாயிறு

இந்த முறை முதலில் மொபைலைக் கப்ளருக்குப் பின்னால் விட்டு ஃபிளாஷ் போட்டு நாலைந்து படம் எடுத்தேன். லாக் தெரிந்தது. நாக்குக்கும் கூட்டுக்கும் நடுவில் நாக்கு இறங்க வேண்டிய சந்து முழுக்க மணலும் ஆயிலும் சேர்ந்து சிமென்ட் பூசியது போல அடைத்திருந்தது. சரியான இடத்தை அமுக்கியிருந்தால்கூட அன்றைக்குக் கழன்றிருக்காது.

பழைய டூத் பிரஷ், குடைக்கம்பியின் நுனியைத் தட்டையாகத் தேய்த்துச் செய்த கொக்கி (இது எலக்ட்ரீஷியன் அண்ணன் கொடுத்தது), டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரஸர். இந்த மூன்றையும் வைத்து அந்த இடுக்கைச் சுத்தம் செய்யவே இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு சிட்டிகை மணல் வந்தது. பிறகு கப்ளரைத் தகரப் பட்டையிலிருந்து விடுவித்தேன்; பட்டையின் கிளிப்பை நெம்பி, மொத்தக் கப்ளரையும் பக்கவாட்டில் நகர்த்தினால் சொருகு விட்டுவிடுகிறது. இதைப் போன ஞாயிறே செய்திருந்தால் கப்ளரைக் கையிலேயே திருப்பிப் பார்த்திருக்கலாம். காயில் கப்ளரைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

அடுத்து ஹேர் டிரையர். பத்து வருடம் மேனிஃபோல்டின் தலைமாட்டில் வெந்த பிளாஸ்டிக் வளைந்து கொடுக்காது. கூட்டின் பக்கத்தில் பி.பி.டி. என்று அச்சு இருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து படும்போது இந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு அது நொறுங்கத் தொடங்கும். கடற்கரை ஊரில் என்ஜின் அறைக்குள் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மிதமான சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் நாக்கு கொஞ்சம் இளகும், சீல் ரப்பரின் பிடியும் தளரும். ஹீட் கன் வேண்டாம், அது கூட்டையே உருக்கிவிடும்.

பிறகு வலது கையால் இரண்டு கூடுகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாகத் தள்ளினேன். மெல்லிய 'க்ளக்'. தள்ளிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு இடது கட்டைவிரலால் லாக்கை அமுக்கினேன். போன வாரம் மேசையில் பழகிய அதே தளர்வு விரலுக்குத் தெரிந்தது. லாக்கை விடாமல், தள்ளுவதை மெல்ல நிறுத்தி இழுப்பதற்கு மாறினேன். ஒரு மில்லிமீட்டர் வந்து நின்றது. ஜன்னலைத் தாண்டிவிட்டது, இனி பிடித்திருப்பது ரப்பர் மட்டும். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு வெடுக்கென்று பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் பின் வளையும். நீளவாக்கில் ஒரு முடி அளவு அந்தப் பக்கம், ஒரு முடி அளவு இந்தப் பக்கம் அசைத்துக்கொண்டே, ஒயரைத் தொடாமல் கூட்டை மட்டும் பிடித்து, ஒரே சீராக இழுத்தேன். பாட்டில் மூடி திறப்பது போலக் காற்று உள்ளே போகும் ஒரு சத்தம். கையில் வந்துவிட்டது. டிரையரை அணைத்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

உள்ளே இருந்தது

சீல் ரப்பர் அதன் பள்ளத்தில் அடங்காமல் உப்பி வெளியே பிதுங்கியது. சிலிகான் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறி உப்பும். மேலே டேப்பெட் கவர் கசிவு. கழற்றுவது கஷ்டமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இது. சிக்கிய கப்ளரில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்து ஊறவிடும் பழக்கம் இருக்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு வரும், அடுத்த முறைக்கு இன்னும் இறுகும்.

நான்கு பின்களில் மூன்று பளிச்சென்று இருந்தன. நான்காவதின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. அது ஹீட்டருக்கு 12 வோல்ட் வரும் பின்.

சென்சார் பக்கம் ஹீட்டரை அளந்தேன். 6.4 ஓம். நல்ல ஹீட்டர். மூவாயிரத்து எண்ணூறு கொடுத்துச் சென்சார் மாற்றியிருந்தால், கோடு அப்படியே இருந்திருக்கும்.

பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, வண்டிப் பக்கக் கப்ளரில் வோல்ட் பார்த்தேன். 12.3. இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டிருந்தால் மறுபடி சென்சார் மேல்தான் பழி விழுந்திருக்கும். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் இல்லாததற்குச் சமம். ஒரே ஒரு செம்பு இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்தப் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மாட்டினேன். ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போது எடுக்கும் கரண்டும் இந்தப் பல்பின் கரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு ஆம்பியருக்குப் பக்கம். பல்பு மங்கலாக மஞ்சளாக எரிந்தது, அவ்வளவுதான். மீட்டர் 7.9 வோல்ட் காட்டியது. நாலு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது.

இரண்டு எச்சரிக்கை. குழியுள்ள பெண் பின்னுக்குள் மல்டிமீட்டரின் தடித்த முனையைத் திணிக்கக் கூடாது, பின் அகன்றுவிட்டால் புதுக் கோளாறு ஆரம்பிக்கும். நான் புதுப்பேட்டைத் துண்டிலிருந்து உருவிய அதே அளவு ஆண் பின்னில் ஒயர் வைத்துப் பயன்படுத்தினேன். பல்பை ஈ.சி.யு.வுக்குப் போகும் ஒயரில் மாட்டவே கூடாது, சப்ளை ஒயரில் மட்டும்.

ஊசித் துளை

பின்னில் இருக்கும் அழுக்கைச் சுரண்டிப் பார்த்தேன். பல்பில் மாற்றமில்லை. அப்படியானால் கோளாறு பின்னின் முகத்தில் இல்லை, ஒயரைப் பின்னோடு நசுக்கிச் சேர்த்த இடத்தில் இருக்கிறது. ஒயரை விரலால் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போனபோது, கப்ளரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு சொரசொரப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் இன்சுலேஷனில் ஊசி குத்திய துளை. ஓரத்தில் பச்சை.

அந்த இடத்தில் இன்சுலேஷனைக் கீறி விரித்தேன். செம்பு கறுத்து, பச்சை பூத்து, தொட்டால் இழை இழையாக உதிர்ந்தது. துளையிலிருந்து கப்ளர் வரை முழுக்க அப்படித்தான். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல ஒயரின் இழைகள் தண்ணீரை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே கடத்திக்கொண்டு போய்ப் பின்னில் சேர்த்திருக்கின்றன. உப்புக் காற்று, மழை, சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பிரஷர் பம்பில் அடித்த என்ஜின் வாஷ். கப்ளரின் ரப்பர் எல்லாம் காவல் காத்தும் பயனில்லை, திருடன் சுவரைத் துளைத்து வந்திருக்கிறான்.

அந்தத் துளையைப் போட்டது, ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பின் ஊசி. எப்போது, யார் என்று தெரியாது. வண்டி எனக்கு இரண்டாவது கையாக வந்தது. ஆனால் ஏன் குத்தினார்கள் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஹீட்டர் சப்ளை ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஒழுங்கான வழி, கப்ளரைக் கழற்றிப் பின்னில் பார்ப்பது. கழற்றியிருந்தால் குத்தத் தேவையில்லை. அவருக்கும் இந்தக் கப்ளர் கழன்றிருக்காது. அவரும் மேற்பக்க மேட்டைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஊசியை எடுத்திருக்கிறார். நான் பிளையரை எடுத்தேன்.

சரி செய்தது

பழுதான ஒயரைப் பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டினேன். பன்னிரண்டு சென்டிமீட்டர் போயிற்று. அங்கே பல்பு வெள்ளையாக எரிந்தது. புதுப்பேட்டைக் கப்ளரின் பெண் கூட்டிலிருந்து பின்னை அதன் ஒயரோடும் குட்டி ரப்பரோடும் உருவினேன்: முதலில் உள்பூட்டைத் தளர்த்தி, பின்னைப் பிடித்திருக்கும் குட்டி நாக்கைக் குடைக்கம்பியால் அமுக்கி, ஒயரைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். அதை என் கூட்டில் ஏற்றி, ஒயரைக் கிரிம்ப் ஸ்லீவ் போட்டு நசுக்கி, சூட்டில் சுருங்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றினேன். வண்டிப் பக்க ஒயர் என்பதால் இது சரி. சென்சார் பக்க ஒயரில் சால்டர் வைக்கவே கூடாது, மேலே சொன்ன மூச்சுப் பிரச்சினைதான். உப்பிய சீல் ரப்பருக்குப் பதில் அந்தக் கப்ளரின் ரப்பரே பொருந்தியது. கிரீஸ் எதுவும் தடவவில்லை. டேப்பெட் கவர் பேக்கிங்கையும் மாற்றினேன், 450 ரூபாய். அதை விட்டால் புது ரப்பரும் உப்பும்.

மாட்டியபின் அதே பல்புச் சோதனையில் வழியில் தொலைந்தது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. பி0135 கோடை அழித்தேன். ஏழு மாதம் ஆகிறது, திரும்ப வரவில்லை.

காயில் கப்ளருக்கு முதல் வாரம் நைலான் டேக் ஒன்றைச் சுற்றி ஓட்டினேன். என்ஜின் அதிர்வில் அது தளர்ந்து, சிக்னலில் நிற்கும்போது ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தது. பின் இல்லாத காலிக் கூடு தனியாகக் கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒயரோடுதான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றை வாங்கி, பழைய கூட்டிலிருந்து ஒவ்வொரு பின்னாக எடுத்து, எடுத்த கையோடு புதுக் கூட்டின் அதே துளையில் ஏற்றினேன். மூன்றையும் மொத்தமாக உருவிவிட்டு எது எங்கே என்று யோசிக்க விரும்பவில்லை. இடம் மாறினால் காயில் போகலாம், ஈ.சி.யு.வும் போகலாம்.

மிச்சம் மூன்று காயில் கப்ளர்களும் அதே வயது, அதே செம்பழுப்பு. தள்ளிவிட்டு அமுக்கினாலும் அவை தாங்குமா என்பது சந்தேகம்தான். அதனால் இப்போதைக்கு அவற்றைத் தொடுவதாக இல்லை. 1,00,000 கிலோமீட்டரில் ஸ்பார்க் பிளக் மாற்றும்போது எப்படியும் கழற்றியாக வேண்டும். அதற்கு மூன்று காலிக் கூடு வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், குடைக்கம்பிக் கொக்கியோடு.